ஒன்பது கற்களும் ஆறு வீடுகளும்

சின்னவளுக்குப் பயம் இல்லாத பொருள் என்று ஒன்று உலகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், மூடிய கதவுக்குப் பயம், திறந்து கிடக்கும் கதவுக்கு அதைவிடப் பயம். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். தப்பாக இருந்துவிட்டால்? வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டதுதான் அதிகம். அப்படிப்பட்டவளுக்கு இருபத்து மூன்றாவது வயதில் கிடைத்த வேலை, ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பயத்தை எண்ணிக்கொண்டு வருவது.

தண்ணீருக்கு மட்டும் அவள் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வயதில் ஆறு கரையை உடைத்து ஊருக்குள் வந்தபோது, பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு பகலும் ஒரு இரவும் அக்காவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கீழே அவர்கள் வீட்டுச் சுவர் கரைந்து உட்கார்ந்ததை இருவரும் பார்த்தார்கள். அந்த வருடமே அம்மா போனாள்; அப்பா அதற்கு முன்பே இல்லை. பெரியவள் ஏழாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள். அந்த மெஷின் ஓடிய ஓட்டத்தில்தான் அந்தப் படிப்பு நடந்தது. ஆனாலும் படித்தவள் அவள்தான். அதில் யாரும் பங்கு கேட்க முடியாது.

வேலை இதுதான். ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் வந்தால் ஏழை வீடுகள் எழுந்து நிற்க ஒரு திட்டம் இருந்தது. வீட்டுக்கு இருபது வாத்து, தானியம் நனையாமல் வைக்க உயரமான மேடை ஒன்று, மழை மாதங்களில் ஒரு உதவித்தொகை. சில ஊர்களுக்குக் கொடுத்தார்கள், சில ஊர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. உதவியால் உண்மையிலேயே பலன் உண்டா என்று தெரிந்துகொள்ள, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு வகை ஊர்களிலும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், எதையாவது விற்றீர்களா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினீர்களா என்று நாற்பத்தோரு கேள்விகள். சின்னவள் அவற்றைக் கேட்டுக் கையிலிருக்கும் தொடுதிரை டேப்பில் பதிய வேண்டும்.

நாற்பத்தோராவது கேள்விக்கு மட்டும் வாயால் பதில் கிடையாது. ஒரு துணியை விரிப்பாள். அதில் இரண்டு வட்டம் தைத்திருக்கும். இடது வட்டம் ‘வராது’, வலது வட்டம் ‘வரும்’. பத்துக் கூழாங்கற்களை எதிரில் இருப்பவர் கையில் கொடுப்பாள்.

“வர்ற மழைக்காலத்துல உங்க வீட்டுல யாராவது ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டி வருமா? கண்டிப்பா வரும்னு தோணினா பத்தையும் வலது பக்கம் வைங்க. வரவே வராதுன்னா எல்லாத்தையும் இடது பக்கம் வைங்க. சந்தேகமா இருந்தா பிரிச்சு வைங்க.”

முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். “என்னம்மா, இந்த வயசுல எங்களைக் கல் விளையாட வைக்கிற?” என்பார்கள். மூன்றாவது கல்லை வைக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். ஆறாவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசிப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

துணியையும் கல் போடும் சுருக்குப் பையையும் தைத்துக் கொடுத்தது பெரியவள். பைக்கு உள்தையல் இரண்டு, வெளித்தையல் ஒன்று. ஊரில் மற்ற கணக்கெடுப்புக்காரர்கள் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். சின்னவளுடையது மட்டும் ஒரு மரியாதையோடு இருந்தது. மாலையில் வந்ததும் கற்களைக் கழுவித் துண்டில் பரப்புவாள். பெரியவள் அவற்றைத் துடைத்து, எண்ணி, பையில் போட்டுக் கயிற்றை இழுப்பாள். இரண்டரை வருடம், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒரு படிவம்கூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. மேற்பார்வையாளரே அதைக் கூட்டத்தில் சொன்னார்.

அந்த மேற்பார்வையாளரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். தடித்த கண்ணாடி. அதைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம். போன சுற்றில் ஒருவன் ஊருக்குள் போகாமலே மரத்தடியில் உட்கார்ந்து பதினாறு வீட்டுப் படிவத்தையும் தானே நிரப்பியிருந்தான். கண்ணாடிக்காரர் அவனை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பசி எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும்போல, அதான் அவங்களைக் கேக்கல. வீட்டுக்குப் போயிடு” என்றார். அன்று சின்னவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு செய்தவனைவிட அதிகமாக நடுங்கியவள் அவள்தான்.

“நீ என்னடி பண்ணினே?” என்றாள் பெரியவள்.

“ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் என்ன?”

“நாளைக்குப் பண்ணிட்டேன்னா?”

அந்த நாளை வர ஏழு மாதம் ஆயிற்று.

அன்றைக்கு அக்கரை ஊரில் பதின்மூன்று வீடுகள். ஓடத்தில் ஏறும்போதே தண்ணீர் வழக்கத்தைவிட நிறம் மாறி, செங்கல் கழுவியது போல ஓடியது. ஓடக்காரர் துடுப்பை ஊன்றிப் பார்த்துவிட்டு, “மேலே எங்கேயோ பெய்யுது. அஞ்சு மணிக்கு மேல ஓடம் எடுக்க மாட்டேன். அதுக்கு மேலன்னா நீந்தித்தான் வரணும், கல்லுப் பொண்ணு” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சின்னவள் உடனே மணியைப் பார்த்துக்கொண்டாள்.

முதல் ஆறு வீடுகள் ஒழுங்காக முடிந்தன. ஏழாவது வீடு வாத்துக்காரக்காவுடையது. திட்டத்தில் கிடைத்த இருபது வாத்தை முப்பத்தெட்டாக்கியவள். வாயாடி. “வெள்ளம் வந்தா ஆடு போயிடும், கோழி போயிடும். இதுங்களுக்கு மட்டும் கொண்டாட்டம். யோசிச்சு வாத்தைக் கொடுத்தவன் புத்திசாலி” என்று போன சுற்றில் சொல்லிச் சிரித்தவள், அன்று சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தார். உள்ளே மாமியார் இருமிக்கொண்டிருந்தார். நாற்பது கேள்விக்கும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் வந்தது. நாற்பத்தோராவது கேள்விக்குத் துணியை விரித்தபோது முதல் இடி விழுந்தது.

சின்னவள் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மேற்கே வானம் கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது. மணி மூன்றே கால். இன்னும் ஆறு வீடு. டேப் நனையாமல் இருக்க அதைப் பாலித்தீன் உறையில் செருகிவிட்டு மறுபடி துணியைப் பார்த்தாள். இடது வட்டம் காலி. ஒரு கல்கூட இல்லை. இடது பக்கம் ஒன்றும் இல்லையென்றால் வலது பக்கம் பத்து. போன சுற்றில் ஐந்து வைத்தவள் இப்போது பத்து வைத்திருக்கிறாள். பத்து என்று பதிந்தாள். கற்களைக் கையால் கூட்டி அள்ளிப் பையில் போட்டாள்.

இங்கேதான் அவள் விதியை மீறினாள். கையேட்டில் பதினான்காம் பக்கம் இப்படிச் சொல்கிறது: துணியில் வைத்த பிறகு இரண்டு வட்டத்தையும் எதிரில் இருப்பவர் கேட்கும்படி உரக்க எண்ண வேண்டும், எடுத்து வைக்கும்போதும் பத்து என்று எண்ணிப் போட வேண்டும். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. ஒரு வட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்துப் பத்தில் கழித்துக்கொள்வார்கள். சின்னவள் ஆயிரத்து நூறு வீட்டில் அந்தக் கழித்தலைச் செய்யாதவள். அன்றைக்கு வானத்தைப் பார்த்துச் செய்தாள். அடுத்த ஆறு வீட்டிலும் செய்தாள். மழை கூரையில் அடிக்க, இடது வட்டத்தை மட்டும் பார்த்து, பத்தில் கழித்து, பதிந்து, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஓடத்தில் கால் வைத்தாள். உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்து ஈரத்தலையைத் துவட்டி, கற்களைக் கழுவித் துண்டில் பரப்பினாள். பெரியவள் துடைத்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“ஒன்பதுதான் இருக்கு.”

“சரியா எண்ணுக்கா.”

“ஒன்பது எண்ணத் தெரியாமலா நான் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறேன்?”

சின்னவள் வந்து எண்ணினாள். ஒன்பது. குனிந்து தண்ணீர் ஊற்றிய இடத்தில் தடவினாள். பக்கெட்டைக் கவிழ்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள், கொஞ்சம் சந்தேகத்தோடு. அந்தப் பார்வை பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பையைப் பிடுங்கி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

“பாரு. ஒரு நூல் விட்டிருக்கா? இதுக்குள்ள ஊசியைப் போட்டாக்கூட வெளியே வராது. என் தையலைச் சொல்லாதே.”

“உன்னைச் சொல்லலக்கா.” சின்னவளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. “எந்த வீட்டுல போச்சுன்னு தெரியல. நான் எண்ணல. ஏழாவது வீட்டுலேர்ந்து எண்ணவே இல்ல.”

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். வெள்ளத்தன்று மாடியில் பார்த்த அதே முகம்.

“அதனால என்ன? கல் ஒண்ணு போச்சு. ஆத்துல கல்லுக்கா பஞ்சம்?”

“ஒன்பது கல்லைக் கொடுத்துட்டு நான் பத்துல கழிச்சிருக்கேன். அவங்க நாலு வச்சிருந்தா நான் அஞ்சுன்னு எழுதியிருக்கேன். எல்லார் பயத்தையும் ஒண்ணு கூட்டியிருக்கேன்.”

“அப்போ ஒண்ணு ஒண்ணு குறைச்சுடு.”

“குறைக்க முடியாதுக்கா. பத்து கல்லுல நாலும் ஒன்பது கல்லுல நாலும் ஒண்ணா? பத்தாவது கல் கையில இருந்திருந்தா அவங்க அதை எந்தப் பக்கம் வச்சிருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானா மாத்தினா அது மரத்தடிப் படிவம்தான்.”

பெரியவளுக்கு அப்போது ஒரு விஷயம் உறைத்தது. இதை யாருமே கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆற்றில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டால் தீர்ந்தது. அதை வாய்விட்டும் சொன்னாள். சின்னவள் பையை வாங்கித் திருப்பி, ஒன்பது கற்களை மட்டும் போட்டுக் கயிற்றை இழுத்தாள். அதுவே பதில். பயந்தாங்கொள்ளிதான், ஆனால் இந்த விஷயத்தில் அவளை அசைக்க முடியாது என்பது பெரியவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பயந்தாள். வேலை போனால் மெஷினை மட்டும் நம்பி இரண்டு பேர். அதுகூடப் பரவாயில்லை, சமாளிக்கலாம். எல்லோர் முன்னாலும் இவளை எழுப்பி நிறுத்திப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டால், இவள் அப்புறம் எந்தக் கதவையும் தட்ட மாட்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. வீட்டில் சிக்னல் கிடையாது. நெடுஞ்சாலை வளைவு வரை நடந்து போய்ச் சின்னவள் கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். ஏழு பத்துக்கு ஒன்று, ஏழு பதினைந்துக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று. எடுக்கவில்லை. டேப்பிலிருந்து படிவங்கள் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அனுப்பிய பிறகு திருத்தினால் மோசடி. அனுப்பும் முன் மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் திருத்தினாலும் மோசடி. டேப்பை உறையில் கட்டி முடிச்சுப் போட்டாள். திறக்கவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதலில் கல் எங்கே போனது என்று தெரிய வேண்டும். எந்த வீட்டிலிருந்து தப்பு ஆரம்பித்தது என்று தெரிந்தால்தானே எத்தனை வீடு தப்பு என்று சொல்ல முடியும்?

ஆறு ஒரு முழம் ஏறியிருந்தது. ஓடக்காரர் முறைத்தார். “நேத்து முடிச்சேன்னியே? யார் வீட்டுல என்ன விட்டுட்டு வந்தே?”

“ஒரு கல், அண்ணே.”

“கல்லுக்காகவா இந்தத் தண்ணியில வர்றே?” ஓடக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்குப் பயம்னு ஊரெல்லாம் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல.”

அவள் ஓடத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே அக்கரை போனாள்.

வாத்துக்காரக்கா அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டாள். சின்னவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. வாத்துகள் மட்டும் கூட்டமாக வந்து கழுத்தை நீட்டி அவளை விசாரித்தன. வாத்துக்கும் பயம்தான் அவளுக்கு. இரண்டு அடி பின்னால் போனாள்.

“வாத்துக்காரக்கா, நான்தான். ஒண்ணுமில்ல, நேத்து இங்க ஒரு கல் விழுந்துச்சான்னு பாக்க வந்தேன்.”

கதவு திறந்தது. வெளியே வந்தவளின் முகம் பேயறைந்தது போல இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. கையை நீட்டினாள். ஒரு துணி முடிச்சு. அதை அவிழ்த்தால் உள்ளே இன்னொரு துணி. அதற்குள் கூழாங்கல்.

“போலீசுல சொல்லிட்டியா?” என்றாள்.

“எதுக்குக்கா போலீசு?”

“திட்டத்துக் கல்லு இல்லையா? நம்பர் போட்டிருப்பாங்கன்னு மாமியார் சொன்னாங்க. ராத்திரியெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நம்பர் ஒண்ணும் தெரியல. முட்டைக் கூடையில வச்சேன், அங்கேயும் மனசு கேக்கல.”

“ஏங்க்கா எடுத்தீங்க?”

வாத்துக்காரக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“இதுதான் கடைசி சுத்து, இதோட உதவியை நிறுத்தப் போறாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அது உண்மையா இருந்தா இந்த மழைக்கு எங்க வீட்டுல பட்டினிதான். அவருக்கு ரெண்டு மாசமா அங்க வேலை இல்ல. மாமியாருக்கு மருந்து. அதான் பத்தையும் வலது பக்கம் வச்சேன். வச்சுட்டு அதைப் பார்த்தேன். பத்து! மூணு வருசம் உதவி வாங்கிட்டுப் பத்து வைக்கிறவளைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? இவங்களுக்குக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லேன்னு நிறுத்திடுவாங்க. சரி, ரெண்டு மூணு வைக்கலாம்னா, இவங்களுக்கு இனிமே தேவையில்லேன்னு நிறுத்திடுவாங்க. எதை வச்சாலும் நிறுத்துவாங்கன்னு தோணிச்சு. இடி விழுந்துச்சு, நீ அந்தப் பக்கம் திரும்பினே. ஒண்ணை எடுத்து மடியில போட்டுட்டேன். ஒன்பதா இருந்தா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு பார்த்தேன்.”

ஒன்பது என்று காட்ட நினைத்தவளுக்கு, இடது வட்டம் காலியாக இருந்ததை மட்டும் பார்த்துச் சின்னவள் பத்து என்று எழுதியிருக்கிறாள். தப்பான முறையில் எண்ணியதால் இந்த ஒரு வீட்டின் பதில் மட்டும் உண்மையாகிவிட்டது. அடுத்த ஆறு வீடும் தப்பு.

“எத்தனைன்னு எழுதினே?” என்றாள் வாத்துக்காரக்கா.

“பத்து.”

அவள் வாயில் கையை வைத்தாள். “ஐயையோ! மாத்திடு தங்கச்சி. ஒன்பது வேணாம், ஆறுன்னு போடு. போன தடவை மாதிரி அஞ்சுன்னு போடு. உன் கால்ல விழறேன்.”

“நான் மாத்தக் கூடாதுக்கா.”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“நேத்து முடிச்ச ஊர்ல இன்னிக்கு உனக்கு என்ன வேலை?”

இது மூன்றாவது குரல். சின்னவள் திரும்பினாள். முழங்கால் வரை சேறு, கையில் செருப்பு, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. மறுசோதனைக்கு ஐந்து வீட்டைக் கண்ணாடிக்காரர் திடீரென்று தேர்ந்தெடுத்துக் கேட்பது வழக்கம். அன்றைக்கு அந்த ஊர். அடுத்த ஓடத்தில் வந்திருக்கிறார்.

கணக்கெடுப்புக்காரி மறுநாளே அதே வீட்டுக்கு வந்து, பதிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறாள். மாத்திடு, யாருக்குத் தெரியப் போகுது என்பது வரை அவர் காதில் விழுந்திருக்கும். இதைவிடப் பொருத்தமாக ஒருத்தி மாட்டிக்கொள்ள முடியாது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

சின்னவள் தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். காலையில் டேப்பைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஏழு முதல் பதின்மூன்று வரை வீட்டு எண், போன நேரம், பதிந்த எண், எப்படி எண்ணினேன், என்ன விட்டுவிட்டேன் என்று ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாள். அடியில், ‘கல் எந்த வீட்டில் போனது என்று தெரியவில்லை, போய்ப் பார்க்கிறேன்’ என்று இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். முழுவதும் படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். அந்த இடைவெளியில் வாத்துக்காரக்கா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

“சார், கல்லை நான்தான் எடுத்தேன். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. என்னை உள்ளே வைக்கணும்னா வச்சுக்கோங்க. வாத்தை மட்டும் கொண்டு போயிடாதீங்க.”

“வாத்தைக் கொண்டு போய் நான் என்னம்மா பண்றது? என் வீட்டுல ஏற்கெனவே சத்தம் ஜாஸ்தி” என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. “டேப்பைத் திறந்தியா?”

“இல்ல சார்.” கட்டிய முடிச்சோடு உறையை எடுத்துக் காட்டினாள்.

“வேற எந்த வீட்டுலயாவது திரும்பக் கேட்டியா?”

“இல்ல சார். இதுதான் முதல் வீடு.”

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். “ஏழு பத்து, ஏழு பதினஞ்சு, ஏழரை. சார்ஜ்ல போட்டுட்டுக் குளிச்சுட்டிருந்தேன்.” பெருமூச்சு விட்டார். “ஒரு வீட்டுல நீ திரும்பக் கேட்டு ஒரு நம்பரை மாத்தியிருந்தா, இப்பவே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இந்தத் தாள் மேலே போகும். முடிவு என் கையில இல்ல. ஏழு வீட்டுக் கடைசிக் கேள்வியும் ரத்து.”

“ஏழாவது வீடு சரியான பதில், சார். அவங்க பத்துதான் வச்சாங்க. அவங்களே சொல்றாங்க.”

“சரின்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது. இவ்வளவு பேச்சுக்கு அப்புறம் அது பதில் இல்லம்மா.”

பதினோரு நாள் ஒன்றும் வரவில்லை. சின்னவள் தினமும் நெடுஞ்சாலை வளைவு வரை நடந்து போய்ப் போனைப் பார்த்துவிட்டு வருவாள். வாசலில் சைக்கிள் நின்றால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள். பெரியவள் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பதினோரு நாளில் மூன்று சட்டைக்குக் காலரை மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக.

பன்னிரண்டாம் நாள் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தாள். அவர் கண்ணாடியைத் தொடவில்லை. அந்தத் தாளின் நகலை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். இனி யாராக இருந்தாலும் இரண்டு வட்டத்தையும் உரக்க எண்ணாமல் கல்லைத் தொடக்கூடாது என்றார். “இவ தப்பு பண்ணினா. நீங்களும் பண்றீங்க. இவ எழுதிக் கொடுத்தா” என்று சொல்லிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். வேலை தப்பியது.

ஆனால் அறிக்கை வந்தபோது சின்னவள் அதில் அக்கரை ஊரின் வரியைத் தேடிப் பார்த்தாள். பயத்தின் சராசரி நான்கு என்று இருந்தது. ஏழு வீடுகள் விடுபட்டன என்று சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு. அந்த ஊரிலேயே அதிகம் பயந்த வீடு அந்த ஏழில் ஒன்று என்பது எங்கேயும் இல்லை. தான் உண்மையைச் சொன்னதால் ஒருத்தியின் பத்துக் கல்லும் ஆற்றோடு போய்விட்டது போல அவளுக்கு இருந்தது. திட்டத்தை உடனே நிறுத்தவில்லை. இன்னும் ஒரு வருடம் நீட்டித்து, மறுபடி கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாம். அந்த மழைக்கு ஆறு கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு நாளும் அவள் அக்கரையை நினைத்துக்கொண்டாள். போய்ப் பார்க்க விதி இடம் கொடுக்காது.

ஆறு மாதம் கழித்து அடுத்த சுற்று. ஏழாவது வீட்டில் துணியை விரித்தாள். பத்துக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணி வாத்துக்காரக்காவின் கையில் வைத்தாள். வாத்துகள் இப்போது நாற்பத்தாறு. வீட்டுக்காரர் பக்கத்து ஊர்ச் சூளையிலேயே வேலைக்கு வந்துவிட்டார். மாமியார் இருமல் குறைந்து வாசலில் உட்கார்ந்து முட்டை துடைத்துக்கொண்டிருந்தார்.

வாத்துக்காரக்கா யோசித்து யோசித்து வைத்தாள். கையை எடுத்தாள். இரண்டு பேருமாக உரக்க எண்ணினார்கள். வலது பக்கம் எட்டு. இடது பக்கம் இரண்டு.

“ரெண்டு குறைஞ்சிருக்கு” என்றாள் வாத்துக்காரக்கா, சின்னதாகச் சிரித்து. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. “இதுக்காக நிறுத்திட மாட்டாங்களே?”

சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். மாட்டார்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தெரியாததைச் சொல்லக் கூடாது. சொன்னால் அதுவும் மரத்தடிப் படிவம்தான்.

“தெரியாதுக்கா. எனக்குச் சொல்ல மாட்டாங்க.”

வாத்துக்காரக்கா துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாமியார் முட்டையைக் கூடையில் வைக்கும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டது. பிறகு அவள் கை நீண்டது. இடது வட்டத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, வலது வட்டத்தில் வைத்தாள்.

“நிறுத்திடுவாங்களோன்னு நினைச்சா வயித்தைக் கலக்குது. அதுவும் பயம்தானே? அதையும் சேர்த்துக்கோ.”

கடைசியாக வைத்ததே பதில் என்று கையேடு சொல்கிறது. இரண்டு பேரும் மறுபடி எண்ணினார்கள். வலது பக்கம் ஒன்பது. இடது பக்கம் ஒன்று. சின்னவள் ஒன்பது என்று பதிந்தாள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள், பத்து என்று வாய்விட்டுச் சொல்லிக் கயிற்றை இழுத்தாள். மேற்கே லேசாக இடித்தது. திரும்பிப் பார்க்காமல் எட்டாவது வீட்டுக்கு நடந்தாள்.